கப்பலில் அறிதுயில்

உணவும் உடையும் போலவே உறக்கமும் மக்களுக்கு இன்றியமையாததென்பதை யாவரும் அறிவர். பல நாள் உண்ணாது நோன்பு நோற்றாரைப்பற்றிக் கேட்டிருக்கின்றோம். பல நாள் உறங்காது செவ்வனே தொழில் புரிந்தாரைப்பற்றி எங்கும் கேட்டிலோம். நிலத்தில் வாழும் நாம், அடுத்த வீதியில் மேளம் முழங்கினாலும், அயல் வீட்டில் நாய் குரைத்தாலும், நித்திரை கெட்டதென்று மறுநாள் முழுதும் முறையிடுகின்றோம். அங்ஙனமாயின், காற்றும் அலையும் யந்திரமும் இரவு பகல் ஓயாது ஒலிக்கும் கப்பலிலே மாதக்கணக்காக வாழ்ந்தோர் எவ்வாறு உறங்கினர்? இவ்வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், இதற்கு விடை தேடப் புகுந்தால், கப்பல் கட்டும் கலையின் வளர்ச்சியும், கடல் தொழிலாளர் பட்ட பாடும், மானிட உடலின் இயல்பும் ஒருங்கே விளங்கும். நம் வாசகர்களுடைய குடும்பங்களிலும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் போய் மீண்ட முன்னோர் பலர் உளராதலின், இவ்விஷயம் நமக்கு அயலானதன்று.

திருமால் பாற்கடலில் கொண்டருளிய துயிலை அறிதுயில் என்பர் பெரியோர். கண்கள் மூடியிருப்பினும் உலகின் நிலையை உள்ளம் உணர்ந்துகொண்டே யிருக்கும் துயில் அஃது. தெய்வத்துக்குரிய அந்நிலையை மானிடர்மேல் ஏற்றிக் கூறுதல் மிகையெனினும், கடலோடிகளின் உறக்கத்தைக் குறிக்க அதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. அவர்கள் ஓசையற்ற இடந் தேடி உறங்கியவர் அல்லர். ஓசையை அறிந்து உறங்கியவர். அவ்வறிவின் பெருமையையும், அப்பெருமையைக் காரணமாகக் காட்டி அவர்களுக்கு நெடுங்காலம் இழைக்கப்பட்ட அநீதியையும் இவ்வியாசத்தில் கூறுவாம்.

மரக்கலங்களின் ஓசை

பாய்மரக் கப்பலுக்கு யந்திரம் இல்லையாதலால் அது மௌனமாகச் சென்றிருக்குமென்று நாம் எண்ணுதல் கூடும். உண்மை அதுவன்று. ஆயிரக்கணக்கான மரத் துண்டுகளை ஆணிகளாலும் முளைகளாலும் பிணைத்துக் கட்டியதே மரக்கலம். அலையின் முகட்டில் அதன் நடுப்பகுதி உயரும்போது இரு முனைகளும் தாழ்கின்றன. இரு முனைகளும் உயரும்போது நடுப்பகுதி தாழ்கின்றது. இவ்வாறு உடல் வளையுந்தோறும் பலகை பலகையோடு உராய்ந்து, கிறீச்சென்றும் முனகல் போலவும் ஓசை எழும். பலகைகளின் இடைவெளியில் அடைத்த கலப்பற்று தளர, கடல்நீர் உட்புகும். அந்நீரை இறைக்கும் பம்புகளின் ஒலி இரவெல்லாம் கேட்கும். மேலே கயிறுகளினூடு காற்று சீழ்க்கையடிக்கும். பாய்களை இறக்கவும் ஏற்றவும் ஓடுவோரின் காலடிகள், கீழே படுத்திருப்போரின் தலைக்கு மேல் இடியெனத் தோன்றும். உணவுக்கென ஏற்றிய ஆடு கோழிகளின் கூக்குரலும் உடன் சேரும்.

இவற்றோடு மணியோசையும் உண்டு. பழைய கப்பல்களில் அரைமணிக்கொரு முறை மணற்கடிகாரத்தைத் திருப்பி, மணியடிப்பர். முதல் அரைமணிக்கு ஓரடி, இரண்டாவதற்கு ஈரடி எனப் பெருகி, நான்கு மணி நேரத்தின் முடிவில் எட்டடி அடிக்கும். எட்டடி கேட்டால் ஒரு காவல் முடிந்து மறு காவல் தொடங்கிற்றென்று பொருள். நம் நாட்டுக் கணக்கில் ஒரு காவல் 10 நாழிகை. கப்பலாட்களை இரு பிரிவினராக்கி, ஒரு பிரிவினர் வேலை செய்ய மற்றப் பிரிவினர் ஓய்வுகொள்ளும் முறையே பெரும்பாலான கப்பல்களில் வழங்கியது. மாலை 4 மணி முதல் 8 மணி வரையுள்ள காவலை மட்டும் இரண்டு சிறு காவல்களாக வகுத்து, ஒரு பிரிவினரே நாள்தோறும் நடுநிசிக் காவலில் அகப்படாதபடி முறை மாறச் செய்தனர். இவ்வேற்பாட்டினால் மாலுமி ஒருவன் இடையறாது நான்கு மணி நேரம் உறங்குவதே அரிது. புயல் வந்தால் அதுவும் இல்லை; இரு பிரிவினரும் மேல்தட்டுக்கு வரவேண்டும்.

ஏணையும் தொங்குபடுக்கையும்

இந்நிலையில் மாலுமிகளுக்கு உறக்கத்தைத் தந்த பெருஞ் சாதனம் ஒன்று உண்டு. கி.பி. 1492-இல் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளை அடைந்தபோது, அங்குள்ளார் இரு முனைகளில் கட்டித் தொங்கவிட்ட வலைகளில் துயில்வதைக் கண்டார். அத்தீவினர் வழங்கிய பெயரிலிருந்தே ‘ஹாமக்’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. அதற்கு முன் மாலுமிகள் தட்டின்மேல், கிடைத்த இடத்தில் படுத்துப் புரண்டனர். ஆங்கிலேயரின் அரச கடற்படை 1597-இல் தொங்குபடுக்கையைத் தன் கப்பல்களுக்கு ஏற்றுக்கொண்டது.

இதன் நன்மையை நம் தாய்மார் நெடுங்காலமாக அறிவர். குழந்தைக்கு நாம் கட்டும் ஏணையும் இத்தன்மையதே யன்றோ? கப்பல் ஒருபுறம் சாயினும் படுக்கை நேராகவே தொங்கும். படுத்தவன் உருண்டு விழான். பலகையோடு உடல் ஒட்டாதாகையால், பலகையின் அதிர்ச்சியும் முனகலும் எலும்பின் வழியே அவன் செவிக்கு ஏறுவதில்லை. துணியின் இரு ஓரங்களும் உயர்ந்து முகத்தை மறைப்பதால், பக்கத்தவனின் குறட்டையும் விளக்கின் ஒளியும் ஓரளவு தணியும். காலையில் அதைச் சுருட்டிக் கப்பலின் மேல்தட்டு ஓரத்து வலைகளில் அடுக்கினால், போர்க்காலத்தில் துப்பாக்கிக் குண்டுகளைத் தடுக்கும் அரணாகவும் பயன்படும்.

ஆயினும் இடம் மிகக் குறுகியது. ஆங்கிலப் போர்க்கப்பல்களில் ஒருவனுக்கு விதித்த அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் காவலில் இருக்கும்போது அது 28 அங்குலமாகும் என்பதே ஆறுதல். 1805-இல் டிரபால்கர்ப் போரில் நெல்சனின் கொடியைத் தாங்கிய விக்டரிக் கப்பலில் இருந்தோர் எண்ணூற்றுக்கு மேற்பட்டவர். அத்தனை பேரும் பீரங்கிகளுக்கிடையே தோளோடு தோள் உரசத் தொங்கினரெனின், அவ்விடத்து ஓசையையும் வெப்பத்தையும் நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நீராவி வந்த பின்

1838-இல் சீரியஸ், கிரேட் வெஸ்டர்ன் என்னும் இரு நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நியூயார்க்கை அடைந்தன. அது முதல் கப்பலின் ஓசை முற்றிலும் மாறிற்று. காற்றின் ஓசை ஏறியும் இறங்கியும் வரும். யந்திரத்தின் ஓசையோ ஒரே தாளத்தில் நாட்கணக்காக ஒலிக்கும். முதலில் வந்தவை இரு பக்கங்களிலும் துடுப்புச் சக்கரங்கள் பூண்டவை. பின்னர், நீருக்குள் மூழ்கிச் சுழலும் புரொப்பெல்லர் என்னும் திருகு விசிறி வந்தது. 1845-இல் அட்லாண்டிக்கைக் கடந்த கிரேட் பிரிட்டன் என்னும் கப்பல் இரும்பு உடலும் இவ்விசிறியும் ஒருங்கே உடையதாயிருந்தது.

இம்மாறுதலால் பிரயாணிகளின் உறக்கத்துக்குப் புதியதோர் இடையூறு நேர்ந்தது. பழைய வழக்கப்படி உயர்ந்த வகுப்பினர்க்குக் கப்பலின் பின்புறமே உரிய இடம். பாய்மரக் காலத்தில் அதுவே கௌரவமான பகுதி. திருகு விசிறியோ சரியாக அப்பகுதிக்குக் கீழேதான் சுழல்கின்றது. கப்பலின் உடலை யொட்டி வரும் நீர் எல்லா விடத்தும் ஒரே வேகத்தில் வருவதில்லை. ஆகவே, விசிறியின் ஒவ்வோரிதழும் மேற்புறம் வருந்தோறும் ஓர் அடி அடித்தாற்போல் அதிர்ச்சி உண்டாகும். மரத்தைக் காட்டிலும் இரும்பு அவ்வதிர்ச்சியை நெடுந்தூரம் கொண்டு செல்லும். அதிகப் பணங் கொடுத்தவர் அதிக ஓசையில் துயின்ற விந்தை இவ்வாறு நிகழ்ந்தது.

1871-இல் ஒய்ட் ஸ்டார் கம்பெனியார் தங்கள் ஓஷியானிக் கப்பலில் முதல் வகுப்பைப் பின்புறத்திலிருந்து நடுப்பகுதிக்கு மாற்றினர். அங்கே ஆட்டமும் குறைவு, அதிர்ச்சியும் குறைவு. பிற கம்பெனிகளும் இதைப் பின்பற்றின. பின்னர், சார்லஸ் பார்ஸன்ஸ் என்பவர் ஆக்கிய நீராவி டர்பைன் கப்பல்களில் புகுந்தது. மேலுங் கீழும் இடிக்கும் உலக்கைகளுக்குப் பதிலாக, ஒரே திசையில் சுழலும் சக்கரங்களை உடையது அது. ஆகவே யந்திர சாலையின் இடியோசை தணிந்தது. ஆயினும் விசிறியின் அடி ஓயவில்லை. 1907-இல் ஓடத் தொடங்கிய லூஸிட்டேனியாவைச் சோதித்தபோது பின்புறம் மிகுதியாக அதிர்ந்தமையால், அங்கிருந்த இரண்டாம் வகுப்பு அறைகளைப் பிரித்துத் தூண்களும் தாங்கிகளும் வைத்துப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. 1935-இல் வந்த பிரெஞ்சுக் கப்பலாகிய நார்மண்டியும் அவ்வாறே அதிர்ந்தது. மூன்றிதழ் விசிறிகளை நீக்கி, நான்கிதழ் விசிறிகளைப் பொருத்திய பின்னரே அக்குறை தணிந்தது.

அமைதி யாருக்கு?

முதல் வகுப்பினர் நடுப்பகுதிக்குப் போயினர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் யார் படுத்தனர்? இவ்வினாவை எழுப்பாத கப்பற் சரித்திரம் நிறைவுடையதாகாது.

மாலுமிகளுக்குரிய இடம் நெடுங்காலமாகக் கப்பலின் முன்முனையே. அலைகள் நேரே வந்து மோதும் இடம் அது. நங்கூரச் சங்கிலி ஓடும் துவாரமும், சங்கிலி குவிந்து கிடக்கும் அறையும் அவ்விடத்திலேயே உள்ளன. துறைமுகத்தில் நங்கூரம் இறங்கும்போது, அந்த இரும்புச் சங்கிலி செல்லும் பேரொலி உறங்குவோரின் தலைமாட்டில் கேட்கும். பிற்காலத்தில் சில கப்பல்களில் அவர்களைப் பின்முனைக்கு மாற்றினர். அங்கே விசிறியும் சுக்கானைத் திருப்பும் யந்திரமும் துணையாயின. முன்னும் பின்னும் ஓசை, நடுவில் அமைதி. அந்நடுவிடம் கட்டணத்துக்கும் பதவிக்கும் உரியதாயிற்று.

பிரிட்டிஷ் சட்டம் 1867-இல் மாலுமி ஒருவனுக்கு 72 கன அடி இடம் விதித்தது. ஆறடி நீளமும், ஆறடி உயரமும், இரண்டடி அகலமும் உள்ள பெட்டியைக் கருதினால் அதன் அளவு விளங்கும். 1906-இல் அதை 120 கன அடியாக உயர்த்தினர். ஆனால் பம்பாய், கல்கத்தா முதலிய துறைகளில் அமர்த்தப்பெற்ற லஸ்கர்கள் என்னும் இந்திய மாலுமிகளுக்கு அவ்வுயர்வு கிட்டவில்லை. ஒரே கப்பலில், ஒரே புயலில், ஒரே நெருப்பின்முன் நின்று கரி வாரியவர்களுள் நிறத்தால் வேற்றுமை செய்து உறங்கும் இடத்தை அளந்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

டெக் பிரயாணிகளின் நிலையையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1926-இல் கட்டிய ராஜுலா என்னும் கப்பல், யுத்த காலம் நீங்கலாக, 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடி, நம்மவர் பல்லாயிரவரைக் கொண்டு சென்றது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அதற்கு உத்தரவு இருந்தது. அறையும் கட்டிலும் அவர்களுக்கு இல்லை. பாயை விரித்த இடமே வீடு. பாரந் தூக்கும் வின்சுகளின் கடகட வென்னும் ஓசை, குழந்தைகளின் அழுகை, தகரப் பெட்டிகள் உருளும் ஒலி, இவற்றுக்கிடையே தலைமாட்டில் மூட்டையை வைத்து, மேல்துண்டால் முகத்தை மூடித் துயின்றனர். ஒரே ஊரார் ஒருங்கே பாய் விரித்து, ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்கினால் பொருளும் பத்திரம், மனமும் அமைதி. கப்பலாட்களின் காவல் முறையை அவர்களும் தம் வழியிற் கைக்கொண்டனர் என்னலாம்.

ஓசை நின்றால் விழிப்பு

கடலோடியின் உறக்கம் அறிதுயிலென்று முன்னர்க் கூறினோம். அதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவாம். 1912-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 14-ஆந் தேதி இரவு 11 மணி 40 நிமிஷத்துக்கு டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதிற்று. மோதிய ஓசை பலர்க்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அதன்பின் யந்திரங்கள் நின்றன. நான்கு நாட்களாகத் தம் படுக்கையின் கீழே இடையறாது உணர்ந்த மெல்லிய அதிர்ச்சி திடீரென்று இல்லாமற் போனதே பலரை எழுந்து என்னவென்று வினவச் செய்தது. தம் படுக்கையில் நூல் படித்துக்கொண்டிருந்த லாரன்ஸ் பீஸ்லி என்னும் ஆசிரியர், உயிர் தப்பிய பின் எழுதிய வரலாற்றில் இதனைக் குறித்துள்ளார். ஓசை உறக்கத்தைக் கெடுக்குமென்பர். அன்றிரவு அமைதியே உறக்கத்தைக் கெடுத்தது, உயிரையும் காத்தது.

இதன் காரணத்தை விஞ்ஞானிகள் ஒருவாறு விளக்கியிருக்கின்றனர். உறங்குவோரிடம் பல பெயர்களை ஒலிக்கச் செய்து 1960-இல் நடத்திய சோதனையில், அவரவர் தம் சொந்தப் பெயருக்கே மிகுதியாக அசைந்தனர். ஆகவே செவி உறக்கத்திலும் மூடுவதில்லை; உள்ளிருந்து ஒரு காவலாளி எது வேண்டும், எது வேண்டாவென்று பிரிக்கின்றான். புதிய இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைப்போல் ஆழ்ந்து துயில்வதில்லை யென்பதை அமெரிக்காவிலுள்ள பிரவுன் சர்வகலாசாலையினர் 2016-இல் கண்டறிந்தனர். கப்பலேறிய முதல் இரவில் நித்திரை வாராமைக்கும், சில இரவுகளின் பின் அதே ஓசை தாலாட்டாக மாறுவதற்கும் காரணம் இதனால் ஓரளவு புலப்படுகின்றது. ஓசையின் பொருளை அறிந்தபின் உள்ளிருக்கும் காவலாளி அயர்கின்றான். அறியாத ஓசை வந்தாலோ, அறிந்த ஓசை நின்றாலோ எழுகின்றான்.

சிறு படகில் துயில்வோர்

1895 முதல் 1898 வரை ஜோஷுவா ஸ்லோக்கம் என்பவர் ஸ்ப்ரே என்னும் 37 அடிக்குட்பட்ட சிறு பாய்க்கப்பலில் தன்னந்தனியே உலகைச் சுற்றி வந்தார். காவல் மாற்ற அவருக்கு ஆளில்லை. சுக்கானைக் கட்டிவிட்டால் தன் வழியே செல்லும் இயல்பு அப்படகுக்கு இருந்தமையால், அதனை நம்பி அவர் உறங்கினார். படகின் இயல்பை அறிந்தமையே அவருடைய தலையணை.

சிறு படகில் இராத் தங்குவோர் இன்றுங் கைக்கொள்ளத்தக்க முறை இதுவே: எழுந்து ஓசையின் காரணத்தைத் தேடுதல், நிறுத்தக் கூடியதை நிறுத்துதல், நிறுத்தக் கூடாததை அறிந்துகொள்ளுதல். பாய்மரத்தில் கயிறு படபடவென்று அடித்தால், அதை மரத்தினின்று விலக்கி வேறொரு கயிற்றால் இழுத்துக் கட்டினால் அடங்கும். நங்கூரச் சங்கிலி பாறைமேல் உரசும் ஒலி படகின் உடலெங்கும் பரவும். சங்கிலியில் நெகிழும் நைலான் கயிற்றைப் பிணைத்து, அதன்மேல் இழுவையை ஏற்றினால் அவ்வொலி தணியும். பாத்திரங்களுக்கிடையே துணியைத் திணித்தால் கலகலப்பு ஓயும். வெப்பக் கடலின் ஆழமில்லா இடங்களில், வாணலியில் எண்ணெய் பொரிவது போன்ற ஓசை இரவில் படகின் அடியிலிருந்து கேட்கும். படகு பிளக்கின்றதோவென அஞ்சவேண்டா. சொடுக்கும் இறால் என்னும் சிற்றுயிர் தன் கொடுக்கைச் சொடுக்குவதால் எழுவது அது. மூடுபனியில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறையேனும் கப்பல்கள் ஊதும் கொம்பையோ நிறுத்தலாகாது. அஃது உறங்குவோரை வருத்தியே காக்கும் ஓசை.

பழக்கம் என்னும் சாக்கு

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். ‘கப்பலாட்களுக்கு ஓசை பழகிவிடும்’ என்பது உண்மையே. ஆனால் முழு உண்மையன்று. விழிக்காமல் உறங்குவோனுடைய இருதயமும் ஒவ்வொரு பேரொலிக்கும் துடிப்பு மாறுகின்ற தென்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மனம் பழகியதை உடல் முற்றும் பழகுவதில்லை. ‘பழகிவிட்டார்கள்’ என்னும் இச்சொல்லைச் சாக்காகக் கொண்டே கப்பல் முதலாளிகள் தொழிலாளரை முன்முனையிலும் பின்முனையிலும் நெடுங்காலம் வைத்திருந்தனர்.

உறக்கமின்மையால் விளையும் கேடு ஒருவனோடு நிற்பதன்று. 1989-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ஆந் தேதி எக்ஸான் வால்டிஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையில் பாறைமேல் ஏறியது. கடலில் எண்ணெய் பரந்து, பறவைகளும் கடல் விலங்குகளும் பெருந்தொகையாக மாண்டன. அதனை விசாரித்த அமெரிக்க அரசாங்கக் குழுவினர் கண்ட காரணங்களுள், கப்பலைச் செலுத்திய மூன்றாம் அதிகாரியின் களைப்பும் வேலை மிகுதியும் ஒன்று.

சர்வதேசக் கடல் ஸ்தாபனம் 1981-இல் கப்பல்களின் ஓசைக்கு அளவுகளை வகுத்தது. அவை அறிவுரை யளவிலேயே நின்றன. 2012-இல் அதனைத் திருத்தி, 2014 ஜூலை முதல் புதிய கப்பல்களுக்குக் கட்டாயச் சட்டமாக்கியது. அதன்படி பதினாயிரம் டன் அளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் உறங்கும் அறையின் ஓசை 55 டெசிபெலுக்கு மேற்படலாகாது. அதனிற் சிறியவற்றில் 60. வீட்டில் நன்கு துயில 30 டெசிபெலே தக்கதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999-இல் கூறியிருத்தலின், கப்பலாட்களுக்கு இன்னும் முழு நீதி கிட்டிற்றென்று சொல்லுதற்கில்லை. ஆயினும் முன்னேற்றம் முன்னேற்றமே. 2006-இல் வகுத்து, 2013-இல் அமுலுக்கு வந்த கடல்தொழிலாளர் உடன்படிக்கை, நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வை விதித்து, அதில் ஒரு பகுதி இடையறாத 6 மணி நேரமாக இருத்தல் வேண்டுமென்கின்றது. இந்தியா 2015-இல் அதனை ஏற்றுக்கொண்டது. நான்கு மணி நேரத் துயிலும் அரிதாயிருந்த பழைய மாலுமியை நினைப்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

முடிவுரை

நேயர்காள்! இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. ஓசையோடு போராடுவதினும் அதனை அறிந்துகொள்ளுதல் உறக்கத்துக்குத் துணையாகுமென்பது ஒன்று. அஃது ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கைக்கொள்ளுதற்குரியது. பிறர் பொறுத்துக்கொள்கின்றாரென்பதால் அவர்களுக்குத் துன்பமில்லையென்று எண்ணலாகா தென்பது மற்றொன்று. அது நாம் பிறர்க்குச் செய்யவேண்டிய கடமை. நம் கடையின் மேல்மாடியில் படுக்கும் சிப்பந்தியும், ஆலையின் அருகே குடியிருக்கும் தொழிலாளியும், இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்து பகலில் கண் மூடுவோனும் நிலத்திலுள்ள மாலுமிகளே யாவர். ‘அவர்களுக்குப் பழகிவிட்டது’ என்று சொல்லுமுன், அவர்கள் படுக்கும் இடத்தில் ஓர் இரவு நாமும் படுத்துப் பார்ப்போமாக.